ஒண்ணாம் நம்பர் போர்ட்டு

எடுக்கலீங்ணா. மணி அடிச்சு அடிச்சு நின்னு போச்சு. இந்தாங்க உங்க போனு. பாக்கெட்டுக்குள்ள மட்டும் போட்றாதீங்க, கையிலயே வெச்சிருங்க. இப்பக் கூப்பிட்டனே, அந்த நம்பர்ல இருந்து திருப்பிக் கூப்பிட்டாங்கன்னா என்றகிட்டக் குடுத்துருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். பேரு நாச்சிமுத்து. என்ற தங்கச்சி தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டம் அவருது.

என்ற போன்லயே கூப்பிட்டா என்னன்னு கேக்கறீங்க. கூப்பிடலாமுங்க, சார்ஜு இருக்குது, டவரு இருக்குது. என்ற நம்பரைப் பாத்தா அந்த மனுசன் எடுக்கறதில்லை. அட, அப்படிப் பாக்காதீங்ணா, நான் ஏமாத்துக்காரன் இல்லை. பேரு ஈஸ்வரமூர்த்தி. கோயமுத்தூர்ல ஒரு கம்பெனில நெட்வொர்க் பாக்கறேன், இருபது வருசமா அதே சோலிதான். மத்தியானம் சோத்தைப் பாதில வெச்சுப்போட்டு ஓடியாந்து இந்த பஸ்ஸுல ஏறியிருக்கறேன். டாக்சிக்காரன் வர அரை மணி நேரம்னான், இந்தத் தாராபுரம் பஸ்ஸு முன்னால நின்னுது, ஏறிட்டேன். இங்க பல்லடத்துல வந்து இப்படி மாட்டிக்கும்னு யாரு கண்டா. ஏனுங் கண்டக்டர், அந்த லாரிக்காரனை ஒதுங்கச் சொல்லக் கூடாதுங்களா? கேக்கறானா பாருங்க, டிக்கெட்டக் கிழிச்சுட்டு நிக்கறான்.

நீங்க எங்க எறங்கறீங்க? பொங்கலூருங்களா. ஐயோ சாமி. நான் அதுக்கும் அக்கட்டால போகோணும், அவிநாசிபாளையம் தாண்டி. அதுக்குள்ள அவரு கூப்பிட்டுருவாரு. கூப்பிடாட்டி... கூப்பிட்டுருவாருங்க.

கோழிங்ணா. என்ற தங்கச்சி கலாமணி கோழிப் பண்ணை வெச்சிருக்கறா. ஏழாயிரம் கோழி, நாலா பக்கமும் படுதா போட்டு மூடுன ஷெட்டு. உள்ளுக்குள்ள காத்து போறது வாரது எல்லாமே ஃபேனுதான், அந்தக் கோடியில பெரிசு பெரிசா மாட்டியிருக்கும். அது ஓடற வரைக்கும் கோழிக்கு ராஜ வாழ்க்கை. நின்னுச்சுன்னா, இந்த அக்கினி வெய்யில்ல, இருபது நிமிசங்கூடத் தாங்காது. அத்தனையும் போயிரும். மாப்பிள்ளை முன்னால தறி ஓட்டிட்டிருந்தாரு, அது படுத்துப்போச்சு. பொறகு இந்தக் கோழிதான் அவங்க பொழப்பே. குஞ்சு கம்பெனிக்காரன் எறக்கறது, வளர்த்துக் குடுக்கறது இவங்க. ஏற்கனவே கோழிச் சாவு கணக்குக்கு மேல எச்சாப் போயிருக்குதுன்னு கம்பெனி சூப்பர்வைசரு சொல்லிப்போட்டான், இன்னொருக்கா ஆச்சுன்னா குஞ்சு எறக்க மாட்டோம்னு. அப்படி எறக்கலைன்னா அவ என்ன பண்ணுவா? ஷெட்டுக்குள்ள குடி போறதா?

இதைப் பாருங்க, என்ற போன்ல. ஒண்ணுன்னு போட்டிருக்குது, பக்கத்துல பச்சை. தெரியுதுங்களா? ஆமாங்க, பச்சைன்னா நல்லா இருக்குதுன்னுதான் அர்த்தம். ஃபேனு பெட்டி உசிரோட இருக்குதுன்னு அர்த்தம். பின்ன ஏன் இப்படிப் பதர்றீங்கன்னு கேக்கறீங்க. அது பச்சையா இருக்கறதுதானுங்ணா எனக்குப் பயமே. இன்னிக்கு அது பச்சையா இருக்கக் கூடாது.

பொறுங்க, சொல்றேன். தங்கச்சி ஊட்டுல நான் ஒரு சுவிட்சு வெச்சுக் குடுத்திருக்கறேன். சுவிட்சுன்னா நீங்க நெனைக்கற லைட்டு சுவிட்சு இல்லை. இத்தனூண்டு இரும்புப் பெட்டி, முன்னால வரிசையாத் தொளை இருக்கும். ஒவ்வொரு தொளையும் ஒரு போர்ட்டு. ஒவ்வொண்ணுலயும் ஒரு வயரச் சொருகோணும். அந்த வயரோட அந்தக் கோடியில இருக்கற சாமான் உசிரோட இருக்குதா இல்லையான்னு பெட்டிக்குத் தெரியும். நான் என்ன பண்ணுனேன், ஷெட்டுல ஃபேன ஓட்டற கன்ட்ரோலர் பெட்டி இருக்குதல்ல, அதுல இருந்து ஒரு வயர இழுத்தாந்து ஊட்டுக்குள்ள இருக்கற சுவிட்சுல ஒண்ணாம் நம்பர்ல சொருகுனேன். சொருகி, சுவிட்சுக்கு நாலு வரி எழுதிவிட்டேன். நீ வேற ஒண்ணும் பண்ண வேண்டாம், ராத்திரி பகல் இந்த ஒண்ணாம் நம்பரவே பாத்துட்டிரு, அது செத்த நிமிசம் ஷெட்டு மேல சைரனை அடி, என்ற போனுக்குச் சொல்லு. அவ்வளவுதான். கரண்ட் போனா கன்ட்ரோலர் சாகும், போர்ட்டு சாகும், சைரன் அடிக்கும். எவ்வளவு எளுசு பாருங்க. வெளில இதுக்குன்னு கம்பெனி கம்பெனியா விக்கறானுங்க. நான் என்ற தங்கச்சிக்குன்னு பண்ணிக் குடுத்தேன். ஒரு வாய் காப்பித் தண்ணி குடிச்சுப்போட்டு வந்தேன், அவ்வளவுதான்.

அடிச்சுதுங்க, அடிக்காம என்ன. மார்கழி பூராம் அடிச்சுது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. அந்தக் கிராமத்துக் கரண்டைப் பத்தி உங்களுக்குச் சொல்லோணுமா? கண்ணச் சிமிட்டற நேரம் போயிட்டு வரும். உடனே போர்ட்டு சாகும், சைரன் கத்தும், அப்பறம் எல்லாம் சரியாயிரும். கரண்ட் நல்லாவே போச்சுன்னாலும் ஜெனரேட்டரு தானா எடுத்துக்கும், ஆனா அது எடுக்கறதுக்குள்ள போர்ட்டு ஒருக்கா செத்துப் பொழைக்கும், அப்பவும் கத்தும். கலாமணி கூப்பிட்டா. அண்ணா, கொஞ்சம் பொறுத்துக் கத்தற மாதிரி பண்ண முடியாதுங்களான்னா. பண்ணலாமுங்க. இத்தனை நொடி பொறுத்துக் கத்துன்னு ஒரு எண்ணுப் போட்டாப் போச்சு. நான் சைபர் போட்டிருந்தேன். சைபர்தான் போடுவேன்னேன். ஆபத்து வந்து கதவத் தட்டும்போது பொறுத்துக் கத்தறதாம், என்ன பேச்சு இது? நீ கோழியப் பாரு அம்மிணி, இதைய நான் பாத்துக்கறேன்னேன்.

மறுக்காவும் கூப்பிட்டா. அழுதுட்டே. அந்தச் சைரன் சத்தத்துக்குக் கோழி பயந்து ஒரு மூலைக்கு ஓடுதாம், ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் குமியுதாம், அடியில இருக்கறது மூச்சு முட்டிச் செத்துப் போகுதாம். போட்டோ எடுத்து அனுப்புனா. எத்தனைம்மான்னேன். நாப்பதுண்ணான்னா. நாப்பது பெரிசா ஏழாயிரம் பெரிசான்னு கேட்டேன். கணக்குத்தானுங்க பேசோணும்? கண்ணீரா பேசும்? சைரனை ஷெட்டு மேல இருந்து எடுத்து ஊட்டுப் பக்கம் வெய்யுங்கண்ணான்னா. ஷெட்டு மேல இருந்தாத்தான் நாலு தோட்டத்துக்கும் கேக்கும், ஆளு ஓடி வருவாங்கன்னு சொன்னேன். நல்லதுக்குத்தானுங்க சொன்னேன்.

அதுக்குத்தான் இந்த நாச்சிமுத்து அண்ணன் வந்தாரு சண்டைக்கு. நான் ஒரு ஞாயித்துக்கிழமை போயிருந்தேன், நேரா வந்துட்டாரு. உங்க சைரன் சத்தத்துக்கு என்ற மாடு கறக்க விடமாட்டீங்குது, பால் சொம்ப ஒதைக்குதுன்னாரு. நான் பொறுமையாத்தானுங்க சொன்னேன். டெக்னிக்கல் விசயம், மாடு மேய்க்கறவங்களுக்குப் புரியாது, ஊட்டுக்குப் போங்கன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அதுக்குப் போயி அன்னைலருந்து என்ற போன எடுக்கறதில்லை. ரோசம். எனக்கு மட்டும் ரோசமில்லீங்களா?

மாப்பிள்ளை பூபதி தங்கமான மனுசனுங்க. வாயே தொறக்க மாட்டாரு. நான் எது சொன்னாலும் 'சரிங் மச்சான்', அதுதான். இந்த வயரத் தொடக் கூடாதுன்னேன், சரிங் மச்சான். இந்தப் பெட்டி மேல துணி போடக் கூடாதுன்னேன், சரிங் மச்சான். அவரு ஒரு வார்த்தை எதுத்துப் பேசி நான் கேட்டதில்லை. அந்த ஊட்டுலயே எனக்கு யாரும் எதுத்துப் பேசறதில்லீங்க. அப்பா போன பொறகு நான்தான அவளைக் கட்டிக் குடுத்தேன்.

தைப் பொங்கலுக்குப் போனேன். நானே உக்காந்து வயரோட முனையில கிளிப்ப வெட்டிப்போட்டுப் புதுசு போட்டுக் குடுத்தேன். மாப்பிள்ளை ஜெனரேட்டர் பேட்டரி வீக்கா இருக்குதுன்னாரு, மாத்தோணும்னாரு. மாத்துங்கன்னேன். வந்துட்டேன். அதோட நின்னுதுங்க சைரனு. அன்னைலருந்து ஒரு சத்தம் கெடையாது! பாத்தீங்களா, வேலைன்னா இப்படி இருக்கோணும். ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொன்னேன், ஒரு கிளிப்புல இருக்குது சூட்சுமம்னு. காலைல எந்திரிச்சதும் பல்லு வெளக்கறதுக்கு முன்னால இந்தப் பச்சையத்தான் பாப்பேன். அப்பறம் நான் அங்க போகவே இல்லை. எதுக்குப் போகோணும்? இங்கயே தெரியுதல்ல.

நகுந்துச்சா? நகுந்துச்சு நகுந்துச்சு. முருகா, அந்தச் சந்தைக்கடை தாண்டட்டும்.

இன்னிக்கு வெடிஞ்சதும் கலாமணி கூப்பிட்டா. தாராபுரத்துல மாப்பிள்ளையோட சித்தப்பா பையனுக்குக் கலியாணம். பண்ணை போட்ட நாள்லருந்து அவங்க ரெண்டு பேரும் ஒண்ணா எங்கயும் போனதில்லீங்ணா. ஒருத்தர் போனா ஒருத்தர் காவலு. பண்ணையாளும் ஊருக்குப் போயிட்டான். நான் மட்டும் இருந்துக்கறேன், அவரு போயிட்டு வரட்டும்னா. நாந்தான் சொன்னேன். ரெண்டு பேருமே போங்க, நல்ல சேலையாக் கட்டிட்டுப் போ, நான் இங்கிருந்து பாத்துக்கறேன். பச்சையா இருக்கற வரைக்கும் ஒண்ணுமில்லை, செவப்பாச்சுன்னா நானே கூப்பிடறேன்னு. மாப்பிள்ளைதான் பின்னால நின்னு என்னமோ முனகுனாரு. என்னங்கன்னேன். 'சரிங் மச்சான்'னாரு. போனை வெச்சுட்டாங்க.

மத்தியானம் சாப்பிட உக்காந்தேன். டிபன் பாக்ஸுக்கு அடியில நேத்தைய பேப்பர விரிச்சிருந்தேன். பருப்புச் சோறு ஒரு வாய் வெச்சேன், கண்ணு பேப்பர் மேல போகுது. நாளைய மின்தடைன்னு போட்டு ஊரு ஊராப் போட்டிருக்குது. தங்கச்சி ஊரும் இருக்குது. காலைல ஒம்பது மணிலருந்து சாயங்காலம் வரைக்கும். உடனே போன எடுத்துப் பாத்தேன். பச்சை. அப்பாடான்னு இருந்துச்சுங்க, பொய் சொல்லக் கூடாது. ரெண்டாவது வாய் வெக்கறேன். அப்பத்தான் தோணுச்சு. கரண்ட் நின்னா ஜெனரேட்டர் எடுக்கறதுக்குள்ள போர்ட்டு ஒருக்கா செத்துப் பொழைக்கோணும். செத்தா சைரன் அடிக்கும், எனக்கு மெசேஜு வரும். வரலையே. கடைசியா இந்தப் போர்ட்டு எப்ப மாறுச்சுன்னு பாக்கலாம், அதுலயே போட்டிருக்கும். பாத்தேன். தை மாசம். பொங்கல் முடிஞ்ச நாலாம் நாளு.

மாசாமாசம் அங்க கரண்ட நிறுத்தறாங்க. மாசி, பங்குனி, சித்திரை. ஒருக்காக்கூட அந்தப் போர்ட்டு கண்ணச் சிமிட்டலை. எந்தக் கன்ட்ரோலருங்க கரண்டு போயும் சாகாம நிக்கும்? கையில சோறு அப்படியே நின்னு போச்சு.

அந்த வயரு ஷெட்டுல இல்லீங்ணா. வேற எங்கயோ, கரண்டு போனாலும் சாகாத எதுலயோ சொருகியிருக்குது. யாரு சொருகுனான்னு தெரியலை. பண்ணையாளாத்தான் இருக்கோணும். அந்தப் பய அப்பவே சைரனைத் திட்டிட்டிருந்தான். அவனா, இல்லை நாச்சிமுத்து அண்ணன் ஆள வெச்சுப் பண்ணுனாரா. யாரா வேணா இருக்கட்டும். இத்தனை நாளா நான் காலங்காத்தால எதைப் பாத்துச் சந்தோசப்பட்டுட்டிருந்தேன்னே எனக்குத் தெரியலை.

கலாமணிக்குப் போட்டேன், எடுக்கலை. மண்டபத்துல மேளச் சத்தம், போனு பையில கெடக்கும். மாப்பிள்ளைக்குப் போட்டேன், எடுக்கலை. இந்தா பாருங்க, வாசல்ல ஒரு காமிரா இருக்குது, அது மட்டும் தெரியுது. பூனை படுத்திருக்குது, செருப்பு கெடக்குது, எல்லாம் அமைதியா இருக்குது. ஷெட்டுக்குள்ள காமிரா நிக்காதுங்க, கோழி எச்ச நெடிக்குக் கெட்டுப் போயிரும். கரண்டு போச்சுன்னா சுவிட்சு, சைரன், காமிரா இது மட்டும் இன்வெர்ட்டர்ல ஓடும்...

இன்வெர்ட்டர்ல ஓடும். காமிராப் படம் பதியற பெட்டியும் சுவிட்சுக்குப் பக்கத்துலதான இருக்குது. அதுல ஒரு தொளை சும்மா இருந்துச்சுங்க. ஐயோ.

ஜெனரேட்டரு எடுத்திருக்குமுங்க. நீங்க சொல்லுங்க, எடுத்திருக்குமல்ல? பேட்டரிய மாத்தியிருப்பாங்க. மாத்துங்கன்னு நான் சொன்னனே. மாத்துனாங்களான்னு பொறவு நான் கேக்கலை, என்ற போன்ல பச்சை இருந்துச்சு, எதுக்குக் கேக்கோணும்? ஜெனரேட்டர் எடுத்திருந்தா ஃபேனு ஓடும், ஒண்ணும் ஆயிருக்காது. நான் போயிக் கலாமணிகிட்டச் சிரிச்சுட்டே சொல்லுவேன், உங்க ஊட்டுச் சோத்துக்குத்தான் வந்தேன்னு.

என்னங்க, பொங்கலூரு வந்துருச்சுங்களா? எறங்காதீங்ணா. உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன். இந்த ஒரு தடவை. திரும்பி வாரதுக்கு நான் ஆட்டோவே வெச்சுக் குடுக்கறேன். உங்களுக்கும் ஒரு தங்கச்சி இருப்பால்ல...

அடிக்குதுங்க! குடுங்க, குடுங்க.

அலோ, அலோ, அண்ணா, வெச்சறாதீங்க. மூர்த்திங்க. கலாமணி அண்ணன். இல்லீங்க, சண்டைக்கில்லீங்க, சத்தியமாச் சண்டைக்கில்லை. கரண்டு இருக்குதுங்களா அங்க? இல்லீங்களா. எப்பத்துல இருந்து? ஒம்பதுல இருந்தேவா. ஜெனரேட்டர் சத்தம் கேக்குதுங்களா அண்ணா? நல்லாக் கேட்டுச் சொல்லுங்க. கேக்கலீங்களா. நீங்க எங்க இருக்கறீங்க? இப்பத்தான் சந்தைல இருந்து வந்தீங்களா. அண்ணா, ஊட்டுல யாருமில்லை, ரெண்டு பேரும் கலியாணத்துக்குப் போயிட்டாங்க. ஷெட்டுக்கு ஓடுங்ணா, கதவத் தொறந்து விடுங்க, படுதாவ அறுத்து விடுங்க. நான் சொன்னதெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க, ஓடுங்க.

ஓடறாருங்க. வெக்கலை, கையிலயே வெச்சுட்டு ஓடறாரு. மூச்சு வாங்கறது கேக்குது.

என்னங்ணா? சைரன் அடிக்கலீங்க, அதான் எனக்கும்... எந்த வயரு? யாரு எடுத்தாங்க? மாப்பிள்ளையா? எப்ப? உங்களுக்குத் தெரியுமா? கலாமணிக்கு? அவளுக்குத் தெரியாதா. சொல்ல வேண்டாம்னாரா. சரி. சரிங்ணா. அதைய அப்பறம் பேசிக்கலாம். கதவு தொறந்தாச்சுங்களா?

அண்ணா.

அண்ணா, பேசுங்க.

சரிங்க. நீங்க வெளிய வந்துருங்க, உள்ளார சூடு இருக்கும். உக்காருங்க. நான் வந்துட்டிருக்கறேன்.

இந்தாங்க உங்க போனு. ஒண்ணும் இல்லீங்க. ஏழாயிரம் கோழி. கதவத் தொறந்தா ஒரு கொக்குன்னு சத்தம் இல்லையாம். எல்லாம் அந்தக் கோடிக்குப் போயி ஃபேனு ஓரத்துல குமிஞ்சு கெடக்குதாம். அந்த மனுசன் அழுகறாருங்க. அவரோட கோழியா என்ன, அவரு எதுக்கு அழுகறாரு?

மாப்பிள்ளைதானாமுங்க வயர மாத்துனது. பொங்கல் முடிஞ்சு. கோழி குமிஞ்சு சாகறதப் பாக்க முடியலை, மச்சான்கிட்டச் சொன்னா வருத்தப்படுவாரு, பெட்டிய எடுத்தாலும் வருத்தப்படுவாரு, அது பாட்டுக்குப் பச்சையா இருந்துட்டுப் போகட்டும்னு காமிராப் பெட்டில சொருகிட்டாராம். என்றகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்க? நான் என்ன புலியா? கேட்டிருக்க மாட்டனா? நீங்களே சொல்லுங்க, உங்ககூட இத்தனை நேரமாப் பேசிட்டு வாரேன், நான் சொன்னாக் கேக்காத ஆளாவா தெரியறேன்?

நீங்க எறங்கலீங்களா. உங்க ஊரு போயிருச்சே. நல்லா இருப்பீங்க.

இது என்ற போனுங்க, அடிக்கறது. கலாமணி. எடுக்கறேன். எடுக்காட்டி எப்படி?

சொல்லும்மா. ஆமா, நான்தான் கூப்பிட்டேன். சும்மாத்தான். சாப்பிட்டியா? பந்தியில இருக்கறியா. ஆரு, சித்தப்பாவா? கேட்டதாச் சொல்லு. கேக்குது, கேக்குது, சத்தமாத்தான் இருக்குது. என்ன? எல்லார்கிட்டயும் சொன்னியா. என்னன்னு? எங்கண்ணன் கோயமுத்தூர்ல உக்காந்துட்டே பாத்துக்குவாருன்னா. ஆமாம்மா. ஆமா. அம்மிணி, இரு, ஒரு நிமிசம் லைன்லயே இரு.

ண்ணா, இந்தாங்க. நீங்க பேசுங்க. என்னால முடியலீங்க. நான் சொன்னா அவ நம்பமாட்டா, காலைல நான் சொன்னத நம்பித்தான் எலைக்கு முன்னால உக்காந்திருக்கறா. மொதல்ல மாப்பிள்ளைகிட்டக் குடுக்கச் சொல்லுங்க. வேண்டாம், அவகிட்டயே சொல்லிருங்க. மெதுவாச் சொல்லுங்க. பேரு கலாமணி. எதோ சிரிச்சுட்டிருக்கறா, சிரிச்சு முடிக்கட்டும், அப்பறம் சொல்லுங்க.